ஜப்பான் மழையில் இரண்டாவது கோடு

கார்த்திகை 1, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். போட்ட துணி காயாது. போகட்டும். வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்!

ஏழு மணிக்கெல்லாம் பேத்தி தாரணி வண்டியில் வந்து வாசலில் நின்றாள். மகள் வயிற்றுப் பேத்தி. பனியன் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போடும் வேலை அவளுக்கு.

"அம்மாயி, செக்கிங்குக்கு ஆளே இல்லீங்க. தீவாளி நோம்பிக்கு ஊருக்குப் போன இந்திக்காரப் புள்ளைக பாதிப் பேரு இன்னும் வரல. வந்து குடுக்கறீங்களா?"

இரண்டு நிமிடம் யோசிப்பது போல் நின்றேன். கை அதற்குள் சோறு கொண்டுபோகும் தூக்குப் போசியைக் கழுவிக்கொண்டிருந்தது.

கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டவளை, "ரெஸ்ட் எடுங்க" என்று ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியது இதே கம்பெனிதான். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. பங்குனி மாதம், புதன்கிழமை. சொன்ன ஆள் அன்று நீலச் சட்டை, மேல் பட்டன் இல்லை. மன்னிக்கவில்லை. ஆனாலும் போனேன்.

வீரபாண்டிப் பக்கம். பழைய ஹால், புது பெயின்ட். டேபிளுக்கு மேல் டியூப் லைட் அதே இடத்தில். அதன் கீழே போய் நின்றதும் பசி எடுத்தது. ஒன்றரை வருடமாகப் பசியே இல்லை.

சூப்பர்வைசர் புது ஆள். முத்துப்பாண்டி. மதுரைக்காரன்.

"ஆத்தா, வெளிப்படையாச் சொல்லிர்றேன். இந்த ஆர்டர் முடிஞ்சதும் வயசான ஆளு ஒருத்தருக்குத்தேன் எடம். வந்திருக்கறது ரெண்டு பேரு. யாரு கையில தப்பு வரலையோ, அவுக இருக்கலாம்."

இரண்டு பேரா? திரும்பினால் எதிர் டேபிளில் ச.

(அவள் பேரை முழுதாக எழுத மாட்டேன். ஓர் எழுத்தே அதிகம்.)

நம்பர் ஸ்டிக்கர் கொடுத்தான். பார்த்து, சரி என்று விடும் ஒவ்வொரு பீஸிலும் அவரவர் நம்பரை ஒட்ட வேண்டும். தப்பு வந்தால் விட்டது யார் என்று தெரிந்துவிடும். நான் 14 கேட்டு வாங்கினேன். அவள் 15 கேட்டு வாங்கினாள். கொழுப்பு.

எதற்கும் எழுதி வைக்கிறேன், நான் மறக்கப் போவதில்லை என்றாலும். இருபத்தேழு வருடம் முன்பு. வேறு கம்பெனி, இப்போது இல்லை. ஆவணி, வெள்ளிக்கிழமை. அன்றும் நான் 14, அவள் 15. பக்கத்துப் பக்கத்து இடம். அக்குளில் ஓட்டை விழுந்த பன்னிரண்டு பீஸ் 14 ஸ்டிக்கரோடு திரும்பி வந்தது. நான் எந்தப் பீஸை எடுத்தாலும் முதலில் அக்குளைத்தான் பார்ப்பேன். அந்தப் பன்னிரண்டில் என் கை படவே இல்லை. போர்மேன் ஒரு பனியனை என்னிடம் கொடுத்து, ஓட்டைக்குள் விரலை விட்டு எல்லோருக்கும் காட்டச் சொன்னான். காட்டினேன். ச. குனிந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். பச்சை வாயில் சேலை. அன்று மத்தியானம்தான் என் எலுமிச்சை ஊறுகாயை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றிருந்தாள். ஸ்டிக்கர் ரோல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. வேறு யார் எடுத்து ஒட்டியிருப்பார்கள்?

அன்றோடு பேச்சு நின்றது. இருப்பது ஒரே தெரு. அவள் மகள் கல்யாணத்துக்குப் போனேன். வடை நன்றாக இருந்தது. பேசவில்லை.

இன்று 14-இல் தப்பு: ஒன்றுமில்லை.

கார்த்திகை 2, புதன்

மழை விட்டு விட்டு. கால் வலி. மத்தியானம் ரசம் சாதம், வாழைக்காய்.

ஆர்டர் என்னவென்று தாரணி சொன்னாள். ஜப்பானில் ஒரு பழைய படமாம். கருப்பு வெள்ளை. சாக்கடை ஓரம் குடிசை போட்டுப் பிழைக்கும் சனங்களின் கதை. கீறல் விழுந்து கிடந்த ஃபிலிமைத் துண்டு துண்டாகத் துடைத்து எடுத்து, வீட்டில் போட்டுப் பார்க்கிற தட்டாக இப்போது விடுகிறார்கள். அழகான அட்டை டப்பா. டப்பாவுக்குள் தட்டு, ஒரு புத்தகம், ஒரு பனியன். பனியன் நம்முடையது.

"ஏழைக படம் போட்ட பனியன ஆரு கண்ணு வாங்குவாங்க?"

"பணக்காரங்கதானுங் அம்மாயி."

பனியனில் இரண்டு வகை. வெள்ளைத் துணியில் வெயில் படம்: சனங்கள் மெத்தை காயப்போடுகிறார்கள். கருப்புத் துணியில் மழைப் படம்: கிழவி ஒருத்தி உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், மடியில் பேசின், கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் வெள்ளைக் கோடாகப் பேசினுக்குள் இறங்குகிறது. கழுத்திலிருந்து அடி வரை இடைவெளி இல்லாமல் படம்.

எனக்கு வந்தது மழை. எடுத்ததும் கை நின்றது.

இரண்டு கோடு. ஒன்று பேசினுக்குள் விழுகிறது. இன்னொன்று கிழவியின் காதை ஒட்டி, மயிர் போல மெல்லிசாக, மேலிருந்து கீழே போகிறது. எதிலும் விழவில்லை. மழை என்றால் எதிலாவது விழ வேண்டாமா?

லைட்டுக்கு நேரே பிடித்தேன். நீடில் லைன். நூலைத் துணியாகப் பின்னி ஓட்டும் மெஷினில் ஓர் ஊசி வளைந்துவிட்டால் போதும், துணி நெடுக அந்தத் தடம் கோடாக நிற்கும். குழாய் மாதிரி வரும் துணி என்பதால் வெட்டுகிற பீஸில் எல்லாம் அதே இடத்தில் நிற்கும். அதனால்தான் படத்தில் இருக்கும் கோடு போலவே தெரிகிறது. கட்டுக் கட்டாக ஒதுக்கி வைத்தேன்.

முத்துப்பாண்டி ஓடி வந்தான். "ஆத்தா, என்ன பண்றீக? சாம்பிளப் பாருங்க. இதுலயும் ரெண்டு கோடுதேன். ஜப்பான்காரவுக பாத்துக் கையெழுத்துப் போட்டது."

"சாம்பிளும் இதே துணியில வெட்டுனதுதானுங்க தம்பி. சாம்பிளே தப்பு."

ஹாலே நின்றுவிட்டது. சாம்பிளைப் பார்த்துப் பீஸைத் தப்பு சொல்வார்கள். சாம்பிளையே தப்பு சொன்ன ஆள் கிடையாது.

ச. என்னோடு பேச மாட்டாளே, பக்கத்து டேபிள் பிங்கியிடம் சத்தமாகச் சொன்னாள். பிங்கி பீகார்ப் பெண், தமிழ் பாதிதான் புரியும். "ஆப்பரேசன் பண்ணுன கண்ணு புள்ள. ஒண்ணு ரெண்டாத்தான் தெரியும். பாவம், ஊட்டுல கெடந்திருக்கலாம்."

நானும் பிங்கியிடமே சொன்னேன். "சில பேருக்கு ஓட்டையே தெரியாது கண்ணு. அடுத்தவங்க ஸ்டிக்கரு மட்டும் நல்லாத் தெரியும்."

பிங்கி இரண்டு பக்கமும் பார்த்து, "அச்சா, அச்சா" என்றாள்.

தாரணி கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்கக் கட்டம் கட்டமாக உடைகிறது. மழையா கோடா, ஒன்றும் தெரியவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று. சாம்பிளை அனுப்பியவள் அவள்தான்.

முத்துப்பாண்டி சொன்னான்: "செவ்வாக்கெழம லாரி ஏறணும் ஆத்தா. அது மழைதேன்னு ஆச்சுன்னா நீங்க வீட்டுக்குப் போயிறணும், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க சொல்ற கோடுதேன்னா, நான் எல்லாரு முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்."

"சரிங்க."

சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது வழியில் தெரிந்த போர்டுகளை எல்லாம் ஒன்று விடாமல் படித்துக்கொண்டே வந்தேன்.

கார்த்திகை 3, வியாழன்

மழை இல்லை. மூட்டம்.

எதிர் வீட்டுக் கூரை ஓடுகளை இங்கிருந்தே எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு. மறுபடி எண்ணினேன். நாற்பத்தாறு. கண்ணில் கோளாறு இல்லை. பிறகு ஏன் மூன்றாவது தடவை எண்ணினேன்?

தாரணி ஒரு யோசனை சொன்னாள். பனியனை மடித்துப் போட்டால் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, ஜப்பானிலிருந்து டப்பா இரண்டு வந்திருக்கிறது. உள்ளே தட்டும் இருக்கிறது. "படத்தையே போட்டுப் பாத்துறலாமுங் அம்மாயி. அந்தக் கெழவி சீன்ல ஒழுகறது ஒரு எடமா ரெண்டு எடமான்னு தெரிஞ்சுரும்."

தட்டைப் போட மெஷின்? ஊரில் ஒருத்தரிடமும் இல்லை, எல்லோரும் போனில் பார்க்கிறார்கள். என் வீட்டு அட்டாலிப் பரணில் இருக்கிறது! அவர் இருந்தபோது பஜாரில் வாங்கியது. பேரே இல்லாத மெஷின், எந்த நாட்டுத் தட்டைப் போட்டாலும் ஓடும். தூக்கி எறியச் சொல்லி மகள் ஆறு தடவை சொன்னாள். ஆறும் ஞாபகம்.

கார்த்திகை 5, சனி

மெஷின் ஓடுகிறது. உள்ளே ஒரு பல்லி முட்டை இருந்தது, எடுத்துவிட்டோம்.

நாளை மூன்று மணிக்கு ஹாலில் படம். மீட்டிங் ரூமில் இருக்கும் புரொஜெக்டரைத் தருகிறார்களாம். செக்கிங் ஆட்கள் எல்லோரும் வரலாம்.

ச. இன்று ஒரு நாள் முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. நானும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை அவள் பார்த்தாளா என்று மட்டும் பார்த்தேன்.

வேண்டியவை: வெள்ளைச் சேலை தேய்க்க. பூ. முறுக்கு கொஞ்சம். கண்ணுக்குச் சொட்டு மருந்து.

கார்த்திகை 6, ஞாயிறு

வெயில்! பளிச்சென்று வெயில்!

ஷட்டரை இறக்கி ஹாலை இருட்டாக்கினார்கள். முப்பது பேர் இருப்போம். எனக்கு ஒரு முழம் பூ, அவர் போன பிறகும் பூவை நான் விடவில்லை. ச.வுக்கு இரண்டு முழம். பொரி, கடலை, தாரணி வாங்கி வந்த பப்ஸ். என் முறுக்குதான் முதலில் தீர்ந்தது.

திரை கட்டுவதற்கு முத்துப்பாண்டி துணி ரூமில் மிச்சம் கிடந்த சாயம் போடாத துணியை அறுத்து விரித்துக் கட்டியிருந்தான். "பனியன் துணி நிக்காதுங்க தம்பி, வேட்டி கட்டுங்க" என்றேன். கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் ஓரம் சுருட்டிக்கொண்டது, நடுவில் தொங்கியது. ஜப்பான்காரர்கள் அத்தனை பேருக்கும் தொப்பை விழுந்துவிட்டது. ஒரே சிரிப்பு.

படம்: பலகை வீடுகள் வரிசையாக. முன்னால் சாக்கடை. எல்லோருக்கும் ஒரே குழாய். தாரணி கீழே ஓடும் இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று. குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தி வாளியைக் காலால் தள்ளினாள் பாருங்கள்!

"அடி ஆத்தீ, நம்ம லைன் ஊடேதான் இது!"

"அதா அந்தக் கொண்டைக்காரி, அவளப் பாத்தா நம்ம தெரு மோட்டார்காரியாட்டவே இல்ல?"

"ஹமாரா மொஹல்லா! பில்குல்!" பிங்கி எழுந்து நின்று கை தட்டினாள். அவர்கள் ஊர்த் தெருவும் அப்படித்தானாம்.

அந்த வரிசைக்கே ஒரே ஒரு பட்டு உடுப்பு. எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் அதைத்தான் உடுத்த வேண்டும். இப்போது கல்யாணப் பெண் நல்ல குண்டு. நான்கு பேர் இழுத்துக் கட்டுகிறார்கள். ஒருத்தி முதுகில் முழங்காலை வைத்து அழுத்துகிறாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் படத்தின் சத்தமே கேட்கவில்லை. இவ்வளவு கஷ்டத்தையும் எடுத்து, இவ்வளவு சிரிப்பும் வைத்திருக்கிறான் எடுத்தவன். வாழ்ந்து பார்த்தவனாக இருக்க வேண்டும்.

பிறகு மழை. கிழவி. பேசின்.

இரண்டு கோடு.

"ரெண்டு! ரெண்டு!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். ச. பிங்கியிடம், "நாஞ் சொன்னனல்லோ!" என்றாள். முத்துப்பாண்டி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் என்று பார்த்தான். தாரணி என் கையைப் பிடித்தாள்.  போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

படம் ஓடியது. மழை நின்றது. அடுத்தது வெயில், எல்லோரும் மெத்தை காயப்போடுகிறார்கள். ஆகாயம் வெள்ளை வெளேர் என்று. அதில் கோடு. முன்னாலும் இருந்திருக்கும், சிரித்த சிரிப்பில் பார்க்கவில்லை.

கல்யாணப் பெண் வந்தாள். மூக்கின் மேல் கோடு. ஒரு நாய் வந்து படுத்தது. நாயின் மேல் கோடு.

எழுந்துவிட்டேன். "நிறுத்துங்க! வெயிலடிக்குது, இன்னும் ஒழுகுமாக்கும்? நாய்க்கு எந்தக் கூரைங்க ஒழுகுது?"

நிறுத்தினார்கள். திரைக்குப் போய் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். நாய் என் கையில் விழுந்தது. விரலுக்கு அடியில் அதே தடம்.

"இது எந்தத் துணிங்க தம்பி?"

"மழைப் படத்துக்கு ஓட்டுனதுல மிச்சந்தேன் ஆத்தா..." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது.

துணியை அவிழ்த்தார்கள். வாட்ச்மேன் லுங்கிக்கு மாறிக்கொண்டு தன் வேட்டியைக் கொடுத்தார். நல்ல மனுஷன், இதையும் ஞாபகம் வைத்துக்கொள்வேன். மறுபடி மழையைப் போட்டார்கள்.

ஒரே கோடு. பேசினுக்குள் டொக், டொக் என்று விழுந்தது.

"ஒண்ணுதான்!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். அப்புறம் விசில். தாரணி கட்டிக்கொண்டு அழுதாள். முத்துப்பாண்டி முன்னால் வந்து, "மன்னிச்சிருங்க ஆத்தா" என்றான்.

"சத்தமாச் சொல்லுங்க சாமி. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னான்.

மிச்சப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தோம். ஆனால் ஒன்று. ச. சிரிக்கிற நேரம் சரியில்லை. எல்லோரும் சிரித்து அடங்கும்போதுதான் அவள் ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும். வேட்டியில் ஒரே கோடு விழுந்தபோது பிங்கியிடம் மெல்லக் கேட்டாள்: "ஏம்புள்ள, ஒழுகுதா என்ன?"

அவளுக்கு ஒரு கோடும் தெரியவில்லை. இரண்டும் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் நானும் அப்படித்தான் சிரித்தேன். அடுத்தவர்களைப் பார்த்து.

கார்த்திகை 7, திங்கள்

வெயில். காற்று.

தாரணி ஜப்பானுக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டாள். மழைப் பீஸ் அத்தனையும் புதுத் துணியில் மறுபடி. வெயில் படம் வேறு மெஷின் துணி, கோடு கிடையாது, நாளைக்கு லாரி. ஆனால் சாம்பிளே தப்பு என்றான பிறகு ஒருத்தருக்கும் நம்பிக்கை இல்லை. வெயிலையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள். பார்க்க யார்? நான்தான். இப்போது எனக்கு அவ்வளவு மரியாதை. டீ முழு டம்ளர் வந்தது.

பதினோரு மணி இருக்கும். அக்குளில் ஓட்டை. நம்பர் 15. இன்னொன்று, 15. மொத்தம் ஐந்து.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் டைரியில் பொய் எழுத மாட்டேன். இருபத்தேழு வருடம் கழித்து அதே அக்குள், அதே ஓட்டை. கையை உயர்த்தினால் போதும். இடம் எனக்கு, நிரந்தரமாக.

கையை உயர்த்துவதற்கு முன் அவளைப் பார்த்தேன். பீஸை லைட்டில் பிடிப்பது போல் பிடிக்கிறாள், கண் வேறெங்கோ இருக்கிறது. தையலை விரல் நுனியால் தடவித் தடவிப் பார்க்கிறாள். விரலால்தான் செக்கிங் செய்துகொண்டிருக்கிறாள். நானும் ஒரு வருடம் அப்படி ஓட்டியிருக்கிறேன். பெரிய ஓட்டை சிக்கும். சின்னது சிக்காது.

ஐந்து ஸ்டிக்கரையும் நகத்தால் உரித்தேன். 14 ஒட்டித் தப்புப் பீஸ் கூடையில் போட்டேன்.

அவளுக்காக இல்லை. ஒருத்தி ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான்.

ஸ்டிக்கர் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். இரண்டு வாய் டீ குடிக்கிற நேரம்கூட இல்லை.

கார்த்திகை 8, செவ்வாய்

வானம் சுத்தம். லாரி பத்து மணிக்கு. அதற்குள் நடந்தது எல்லாம் எழுத வேண்டும், ஒன்றும் விடக் கூடாது.

முத்துப்பாண்டி ஐந்து பீஸோடு வந்தான். "ஆத்தா, என்னத்தா இது? உங்க நம்பரு! ஓட்டை!"

"ஆமாங்க. என்ற தப்புதான்."

எதிர் டேபிளில் ஸ்டூல் விழுந்தது. ச. டேபிளைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒரு பீஸைப் பிடுங்கித் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, நானென்ன செத்தா போயிட்டேன்? என்ற தப்ப நீங்க எதுக்குத் தூக்கிக்கறீங்க?"

நேராக என்னிடம். பிங்கி வழியாக இல்லை.

"உன்றதுன்னு உனக்கெப்படித் தெரியும்? உனக்குத்தான் கண்ணே தெரியறதில்லையே."

"என்ற மடிப்பு எனக்குத் தெரியாதாக்கும்? ரெண்டு கையையும் உள்ளுக்கு மடக்கறது இந்த ஹால்லயே நான் ஒருத்திதான்."

உண்மை. அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான் மடிப்பாள். நான் மறந்துவிட்டிருக்கிறேன். நான்!

கோபம் வந்தது. "அன்னிக்கு மட்டும் என்ற நம்பர எடுத்து ஒட்டத் தெரிஞ்சுதாக்கும்?"

"என்ற ரோல் தீந்து போச்சுங்க்கா! உங்க ரோலுல பன்னண்டு கிழிச்சேன். சாயங்காலமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அந்தாளு வந்து உங்கள நிக்க வெச்சுட்டான். நான் மாசமா இருந்தேன், வேல போயிருமோன்னு பயந்து போயிட்டேன். பொறவு சொல்லோணும்னு உங்க ஊட்டுக்கு வந்தா, மூஞ்சிக்கு நேராக் கதவச் சாத்துனீங்க. மூணு நா வந்தேன்!"

"ரெண்டு நா."

"மூணு நா!"

"மூணாவது நா நீ பால் வாங்கப் போனவ. போற வழியில என்ற ஊட்டத் திரும்பிப் பாத்தே. அதெல்லாம் வந்ததுல சேராது."

ஹால் முழுக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இந்தத் தடவை எல்லோருக்கும் முதலில்.

அன்று வயிற்றில் இருந்த பிள்ளையின் கல்யாணத்தில்தான் நான் வடை தின்றுவிட்டுப் பேசாமல் வந்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

முத்துப்பாண்டி நோட்டோடு நின்றான். "இப்ப நான் யாரு நம்பர எழுத? பதினாலா, பதினஞ்சா?"

"என்ற நம்பரு!" இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்துவிட்டான்.

"கண்ண ஆப்பரேசன் பண்ணிக்கோ" என்றேன்.

"பயமா இருக்குதுங்க்கா."

"எறும்பு கடிச்சாப்ல இருக்கும். வியாழக்கெழம நான் கூட வாரேன்."

"நீங்க ஒண்ணும் வர வேண்டாம்."

"நானும் ஒண்ணும் உனக்காக வரல."

கார்த்திகை 10, வியாழன்

லேசான தூறல். கண்ணாஸ்பத்திரி. டோக்கன் 31. எறும்பு என்று நான் சொன்னது பொய்யாம், கட்டெறும்பாம். உள்ளே போகும்போது என் கையை விடவில்லை. என் வளையல் ஒன்று நெளிந்துவிட்டது. ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் தாரணி ஜப்பான் மெயிலைப் படித்துக் காட்டினாள். பத்து நாள் கூடக் கொடுத்திருக்கிறார்கள். ரொம்ப நன்றியாம். அந்தப் படத்தைத் துடைத்துச் சுத்தம் செய்த மனுஷன் தனியாக இரண்டு வரி எழுதியிருக்கிறார். அவரும் நாள் முழுக்க விளக்கு முன்னால் உட்கார்ந்து கோடு தேடுகிறவராம். மழை எது, கீறல் எது என்று அவரும் அந்தக் கிழவி சீனில் ரொம்பத் தடுமாறினாராம். கண்டுபிடித்தது யார், பேர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"என்ன பேர் போடட்டுங் அம்மாயி?"

"பதினாலாம் நம்பருன்னு போடு கண்ணு. அவருக்குப் புரியும்."

கார்த்திகை 12, சனி

எதிர் டேபிளில் புதுப் பெண் ஒருத்தி வந்து உட்காரப் பார்த்தாள். 15-ஆம் நம்பர் ஸ்டூலில் என் தூக்குப் போசியை வைத்துவிட்டேன். முத்துப்பாண்டி பார்த்தான். "ஒரு எடந்தேன்னு சொன்னேனே ஆத்தா" என்றான். "போசிக்கு எடம் வேண்டாமா தம்பி?" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

கார்த்திகை 14, திங்கள்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. வேலை முடிந்து வந்து கால் கழுவுவதற்குள் வாசலில் ஆள். கருப்புக் கண்ணாடி, பச்சைச் சேலை.

உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றினாள். என் முகத்தைப் பார்த்தாள். கிட்டே வந்து பார்த்தாள். லைட்டில் பீஸைப் பார்ப்பது மாதிரி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இத்தன கெழவியாப் போயிட்டீங்களா!"

"உன்ற ஊட்டுல கண்ணாடி இருக்குதா? போய்ப் பாரு."

"பாத்துட்டுத்தான் வாரேன். அழுகாச்சி வந்துருச்சு. அதான் உங்களையும் பாத்துப்போட்டு ஆறுதலாப் போலாம்னு."

சிரித்து சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். அவளுக்கு அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சிரிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். சாதம் போட்டேன். எலுமிச்சை ஊறுகாய் கேட்டாள். வைத்தேன். இரண்டாவது தடவையும் கேட்டாள். வைத்தேன்.

மூன்றாவது தடவை பாட்டிலையே எடுத்துக்கொண்டாள் சரோஜா.